பத்துக் கோடிக்கு 4761 குறைவு

பட்டறைக் கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்ததும் என் ஷூ வழுக்கியது. கிரீஸ் என்று நினைத்தேன். கிரீஸ் அவ்வளவு சிவப்பாக இருக்காது.

லேத் மெஷினுக்கும் மேஜைக்கும் நடுவே பெரிய முதலாளி குப்புறக் கிடந்தார். பின்மண்டை உள்வாங்கியிருந்தது. பக்கத்தில் இரண்டு கிலோ சுத்தியல், அதன் முகத்தில் முடி ஒட்டியிருந்தது. ஓர் அடியே போதும் என்கிற சுத்தியலால் ஏழெட்டு அடி அடித்திருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு இதே மனிதர்தான் எங்கள் துப்பறியும் ஆபீஸுக்குப் போன் செய்திருந்தார். "எங்க இரும்புப் பெட்டிகளை யாரோ உடைக்காமலே திறக்கறாங்க. நம்பர் எங்க பட்டறையிலேர்ந்துதான் வெளிய போகுது. யார்னு தெரிஞ்சிடுச்சு, நேர்ல வாங்க சொல்றேன். நானும் என் சம்சாரமும் பட்டறையிலதான் இருப்போம்" என்றார். பதினோரு மணிக்கு வரச் சொன்னார். இப்போது பதினொன்று ஐந்து.

"இவருக்கு நாம லேட், மேடம்," என்றேன்.

"வாயை மூடிட்டு ஓரமா நட. தரையைக் கலைக்காதே," என்றாள் என் முதலாளியம்மா.

அவளை இந்த ஊர்ப் போலீஸ் 'குறடு மேடம்' என்றுதான் கூப்பிடும். எதையாவது பிடித்தால் விடமாட்டாள். என்னை அவள் கூப்பிடுவது 'ஓட்டவாய்' என்று. காரணம் சொல்லத் தேவையில்லை.

உள்ளே உயிரோடு இரண்டு பேர் இருந்தார்கள். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றி ரத்தத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு அழுதவர் செத்தவரின் தம்பி, சின்ன முதலாளி. சுவரோரம் நின்ற ஆளுயர இரும்புப் பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றவர் பட்டறையின் வெல்டர்.

"மூணு பேர் மேடம்," என்று தேம்பினார் சின்ன முதலாளி. "முகத்துல துணி கட்டியிருந்தாங்க. அண்ணனை என் கண்ணு முன்னாடியே அடிச்சே... நான் தடுக்கப் போனேன், என்னையும் அடிச்சாங்க. மயங்கிட்டேன்."

"உங்க அண்ணி எங்க?" என்று மேடம் கேட்டாள்.

பதிலை வெல்டர் சொன்னார். இரும்புப் பெட்டியைக் கைகாட்டினார். "உள்ள."

அப்போதுதான் அது கேட்டது. டொக், டொக், டொக். பெட்டிக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

அண்ணி அடிக்குப் பயந்து உள்ளே ஓடிக் கதவை இழுத்திருக்கிறாள். சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. வெல்டர் கேஸ் சிலிண்டர் எடுக்கப் போய்ப் பத்தே முக்காலுக்குத் திரும்பியபோது பெரிய முதலாளி பிணமாகவும் அவர் மனைவி பெட்டிக்குள்ளும் இருந்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து போலீஸுக்குச் சொல்லிவிட்டார். பாலத்தில் லாரி கவிழ்ந்து வழி அடைத்திருந்ததால் போலீஸ் அந்தப் பக்கம் நின்றது.

"உள்ள எவ்வளவு நேரம் மூச்சு விடலாம்?"

"நெருப்புல போட்டாலும் புகை புகாத பெட்டி மேடம். கதவைச் சுத்தி ரப்பர். புகை புகாதுன்னா காத்தும் புகாது." வெல்டரின் குரல் உடைந்தது. "இன்னும் ஒரு மணி நேரம் தாங்குனா பெருசு. அவங்களுக்கு அடியும் பட்டிருக்கு போல, பெட்டி வாசல்ல ரத்தம் பாருங்க."

"அப்ப நிக்கறீங்களே! கட்டிங் டார்ச் எடுத்து வெட்டுங்கய்யா!" என்று கத்தினார் சின்ன முதலாளி.

வெல்டர் அவரை விநோதமாகப் பார்த்தார். "கதவுக்குள்ள மரத்தூள் அடைச்சிருக்கு, சின்ன முதலாளி. டார்ச் வச்சா ரெண்டாவது நிமிஷம் உள்ள முழுக்கப் புகை. நீங்கதானே போன மாசம் அந்தத் தூளை அடைச்சீங்க?"

"பதட்டத்துல மறந்துட்டேன்!"

மேடம் பெட்டியின் கதவில் தன் கையால் மூன்று முறை தட்டினாள். உள்ளிருந்து மூன்று பதில் தட்டு. வெல்டர் தட்டினார், பதில் வந்தது. நானும் தட்டினேன், எனக்கும் வந்தது. சின்ன முதலாளி எழுந்து வந்து, "அண்ணி! பயப்படாதீங்க அண்ணி!" என்று தட்டினார். கட்டை விரல் பருமனுக்கு மோதிரம் போட்ட கை. இரும்பில் கிளிங் கிளிங் என்றது.

உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

அரை நிமிடம் கழித்து மேடம் மறுபடி தட்டியபோதுதான் பதில் வந்தது. "டயர்டா இருப்பாங்க," என்றார் சின்ன முதலாளி. "இருக்கும்," என்றாள் மேடம்.

கதவில் இரண்டு வரிசை எண் சக்கரங்கள் இருந்தன. இடது வரிசையில் நான்கு சக்கரம், வலது வரிசையில் ஐந்து. இடதுக்கான நம்பர் தம்பி கையில், வலதுக்கானது அண்ணன் கையில், வேறு யாருக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். கைப்பிடிக்கு மேலே சின்ன சிவப்பு முள் ஒன்று '2' என்ற இடத்தில் நின்றது.

"இது என்ன?"

"தப்பு நம்பர் போட்டுக் கைப்பிடியை இழுத்தா முள் ஒரு படி ஏறும்," என்றார் வெல்டர். "மூணு ஆனா உள்தாழ் விழுந்துடும். அப்புறம் சரியான நம்பர் போட்டாலும் ஒரு நாள் முழுக்கத் திறக்காது."

"ரெண்டு தடவை யார் தப்பா போட்டது?"

"நான்தான் மேடம்," என்றார் சின்ன முதலாளி. "என் நம்பரைப் போட்டு, அண்ணன் நம்பரைக் குத்துமதிப்பா... எப்படியாவது திறந்துடாதான்னு..."

"ஒரு லட்சம் நம்பர்ல குத்துமதிப்பா," என்றேன். "லாட்டரி வாங்கற பழக்கம் உண்டா சார்?"

மேடம் என் காலை மிதித்தாள். ஆனால் அவள் கண் மேஜைமேல் இருந்தது. அங்கே முதலாளியின் கைக்கடிகாரம், பர்ஸ், பித்தளைச் சாவிகள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரே ஒரு பொருள் மட்டும் நொறுங்கிக் கிடந்தது. கால்குலேட்டர். சுத்தியலால் அடித்துப் பொடியாக்கியிருந்தார்கள்.

"ஓட்டவாய், மூணு கொள்ளைக்காரன் வந்து பர்ஸைத் தொடாம கால்குலேட்டரைக் கொன்னிருக்கான். ஏன்?"

"ஸ்கூல்ல கணக்குல ஃபெயிலானவனுங்களா இருக்கும் மேடம். எனக்கே அப்பப்போ தோணும்."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து கதவின் விளிம்பைப் பார்த்தாள். அங்கே ஒரு பித்தளைத் தகடு, அதில் எட்டு இலக்கம் பொறித்திருந்தது. 99995239.

"அது சீரியல் நம்பர்," என்றார் சின்ன முதலாளி சட்டென்று. யாரும் கேட்கவில்லை.

"சீரியல் நம்பரா?" வெல்டர் திரும்பினார். "என்ன சின்ன முதலாளி இப்படிச் சொல்றீங்க? வாங்கறவங்ககிட்ட அப்படிச் சொல்லுவோம். அது பெருக்கல் தகடு மேடம். ஒவ்வொரு பெட்டிக்கும் பெரிய முதலாளி ரெண்டு பகா எண் எடுப்பார். ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எதாலயும் வகுபடாத நம்பர். சின்னதைச் சின்ன முதலாளிகிட்ட கொடுத்து மாட்டச் சொல்வார், பெருசைத் தானே மாட்டுவார். ரெண்டையும் பெருக்கி வர்றதைத் தகட்டுல பொறிச்சிட்டு, கணக்குப் போட்ட பேப்பரை எரிச்சிடுவார். பின்னாடி ரிப்பேருக்குப் போறப்ப, வச்சிருக்கறவங்க சொல்ற நம்பர் சரியான்னு பெருக்கிப் பார்த்துக்கலாம். ஆனா தகட்டைப் பார்த்து உள்ள இருக்கற ரெண்டைக் கண்டுபிடிக்க ஒருத்தனாலயும் முடியாதுன்னு சொல்வார். பெருக்கறது ஒரு நிமிஷம், பிரிக்கறது ஒரு வருஷம்னு சிரிப்பார்."

"ரெண்டுமே தெரியலேன்னாதான் ஒரு வருஷம்," என்றாள் மேடம் மெதுவாக. "ஒண்ணு தெரிஞ்சா?"

எனக்கே புரிந்தது. ஒன்று தெரிந்தால் வகுத்தால் போதும். பள்ளிக்கூடப் பையன் வேலை. அந்தக் கால்குலேட்டர் எதற்காகச் செத்தது என்பதும் புரிந்தது.

மேடம் ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு சின்ன முதலாளியின் முன்னால் வந்து நின்றாள். "உங்க நாலு இலக்க நம்பரைச் சொல்லுங்க. தகட்டு நம்பரை அதால வகுப்போம். உங்க அண்ணி அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடுவாங்க."

வெல்டர் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் தப்ப வழியில்லை.

"ஒன்பது, ஒன்பது, மூணு, மூணு."

நான் தரையில் உட்கார்ந்து வகுக்க ஆரம்பித்தேன். மேடம் என் கையைப் பிடித்தாள். "வேண்டாம். வராது."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே மேடம்!"

"9933. இலக்கங்களைக் கூட்டு. இருபத்து நாலு. மூணால வகுபடும், அப்ப அந்த நம்பரும் மூணால வகுபடும். அதை எதோட பெருக்கினாலும் வர்றதும் மூணால வகுபட்டே ஆகணும். தகட்டைக் கூட்டு."

கூட்டினேன். ஒன்பது நாலு முப்பத்தாறு, அஞ்சு, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்பது. "ஐம்பத்தஞ்சு."

"மூணால வகுபடுமா?"

"படாது."

மேடம் சின்ன முதலாளியைப் பார்த்தாள். அவர் வியர்வையைத் துடைத்தார். "பதட்டம் மேடம்... கடைசி நம்பரை மாத்திச் சொல்லிட்டேன். 9935. ஆமா, அஞ்சுதான்."

இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். "சார், அஞ்சுல முடியற நம்பரை எதோட பெருக்கினாலும் கடைசியில அஞ்சு வரும், இல்ல முட்டை வரும். தகடு ஒன்பதுல முடியுது. கணக்குல முட்டை வாங்கின எனக்கே தெரியுது. பூட்டுக்காரர் வீட்டுப் பையன், உங்களுக்குத் தெரியாதா?"

"ஒரு தப்புன்னா பதட்டம்," என்றாள் மேடம். "சொந்தப் பெட்டிக்கு டார்ச் வைக்கச் சொன்னது ஒண்ணு. முள்ளை ரெண்டுல ஏத்தி வச்சது ஒண்ணு. சீரியல் நம்பர்னு புளுகினது ஒண்ணு. நீங்க மோதிரக் கையால தட்டினதும் உங்க அண்ணி மூச்சுகூட விடாம அடங்கிட்டாங்களே, அது ஒண்ணு. மூணு கொள்ளைக்காரன் யாரும் வரலை. உங்க கைக்கு வந்த நம்பரால தகட்டை வகுத்து, ரெண்டையும் வித்தது நீங்க. அண்ணன் கண்டுபிடிச்சார், அடிச்சுக் கொன்னீங்க. அண்ணி பார்த்துட்டாங்க. இப்ப அவங்க காத்து தீரணும்னு நின்னுட்டிருக்கீங்க."

அழுகை நின்றது. குழாயை மூடியது போல நின்றது.

அடுத்த நொடி அவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது. (இனிமேல் அவனுக்கு மரியாதை கொடுக்க என்னால் முடியாது.) முதல் வீச்சு வெல்டரின் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அலறிக்கொண்டு சரிந்தார். இரண்டாவது வீச்சு என் வாயில். உலகம் வெள்ளையாகிப் போனது. இரண்டு பற்களைத் துப்பினேன், ஒன்று என் சட்டைப் பையிலேயே விழுந்தது. அவன் என்மேல் ஏறி உட்கார்ந்து கம்பியைக் குறுக்காக என் கழுத்தில் வைத்து அழுத்தினான். நான் அவன் முகத்தைப் பிறாண்டினேன், கண்ணில் கட்டை விரலைக் குத்தினேன். அவன் விடவில்லை. காற்று இல்லாமல் இருப்பது எப்படி என்று அந்தப் பெட்டிக்குள் இருந்தவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

மேடம் சுத்தியலைத் தொடவில்லை, அது சாட்சி. மேஜைமேல் இருந்த பெரிய அரத்தை எடுத்து அதன் கூர்முனையை அவன் தோளில் இறக்கினாள். அவன் ஊளையிட்டு எழுந்து திரும்பியபோது, மோதிரக் கையைப் பிடித்து மேஜையின் வைஸுக்குள், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த இரண்டு தாடைகளுக்கு நடுவே திணித்துக் கைப்பிடியை ஒரே சுழற்று சுழற்றினாள். மோதிரம் நசுங்கியது. அதற்குள் இருந்த விரலும் நசுங்கியது. அவன் போட்ட சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது.

"நம்பரைச் சொல்லு," என்றாள் மேடம், மூச்சிரைக்க.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "கையை வெட்டி எடுத்துட்டுப் போ. நம்பர் வராது. இன்னும் கொஞ்ச நேரம்தான், அவ செத்துடுவா. அப்புறம் நான் சொல்றதுதான் கதை."

"இன்னொரு சுத்து சுத்துங்க மேடம்," என்றேன், பல் இல்லாத வாயால்.

"சுத்தினா மயங்கிடுவான். அவ்வளவுதான் லாபம்."

பெட்டிக்குள்ளிருந்து டொக் என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் நீண்ட நேரம் கழித்து இன்னொன்று. வெல்டர் உடைந்த காலை இழுத்துக்கொண்டே தவழ்ந்து போய்க் கதவில் தலையை வைத்து, "அம்மா, தூங்கிடாதீங்கம்மா, தட்டிட்டே இருங்கம்மா" என்று கெஞ்ச ஆரம்பித்தார். அந்த மனிதரைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

மேடம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ரத்தமில்லாத இடமாகப் பார்த்துச் சாக்கட்டியால் எழுதினாள். 99995239.

"ஒன்பது கோடியே தொண்ணூத்தொன்பது லட்சத்துத் தொண்ணூத்தஞ்சாயிரத்து..." என்று படித்தவள் நின்றாள். "ஓட்டவாய், இதைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?"

"பத்துக் கோடிக்கு ஆசைப்பட்டுக் கொஞ்சத்துல கோட்டை விட்ட மாதிரி இருக்கு மேடம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பத்து வருடத்தில் முதல்முறையாக என் வாயால் ஏதோ உபயோகம்.

"எவ்வளவு கொஞ்சம்?"

கழித்தேன். சரிபார்க்க இன்னொரு முறை கழித்தேன். "நாலாயிரத்து எழுநூத்து அறுபத்தொண்ணு."

"4761." அவள் உதடு அசைந்தது. "எழுபதை எழுபதால பெருக்கினா 4900. அதுக்குக் கொஞ்சம் கீழே... அறுபத்தொன்பது. அறுபத்தொன்பதை அறுபத்தொன்பதால பெருக்கு!"

பெருக்கினேன். 4761. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

"பத்துக் கோடிங்கறது பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால பெருக்கினது. அதுல அறுபத்தொன்பதோட வர்க்கத்தைக் கழிச்சா இந்தத் தகடு. ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர், ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? எட்டாம் வகுப்பில் அதற்காக முட்டி போட்டு நின்றவன் நான். "ஏ பிளஸ் பி, இன்ட்டு ஏ மைனஸ் பி."

"பத்தாயிரத்துல அறுபத்தொன்பதைக் கழி. பத்தாயிரத்தோட அறுபத்தொன்பதைக் கூட்டு."

9931. நான்கு இலக்கம். 10069. ஐந்து இலக்கம்.

வைஸில் மாட்டியிருந்தவனின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போயிருந்தது. சரியான விடை என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவைப்படவில்லை. மேடம் அதையும் நம்பாமல் ஒருமுறை பெருக்கிப் பார்த்தாள். ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி, அவள் பக்கம் நியாயம்.

இடது வரிசையில் 9931. வலது வரிசையில் 10069. நான் கைப்பிடியைப் பிடித்தேன். உள்ளே சத்தம் நின்று போயிருந்தது. இழுத்தேன். சிவப்பு முள் அசையவில்லை. தாழ்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

அவள் வெளியே வரவில்லை, விழுந்தாள். மேடம் தாங்கிப் பிடித்தாள். உதடு நீலம், வலது தோள் உடைந்து தொங்கியது. மேடம் அவளை வாசல் பக்கம் இழுத்துப் போய்க் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். நெஞ்சு ஒருமுறை விம்மியது. அப்புறம் ஓங்கரித்துக்கொண்டு மூச்சு வந்தது, வந்துகொண்டே இருந்தது. வெல்டர் வாய்விட்டு அழுதார்.

வைஸிலிருந்து அவன் கரகரத்தான். "எல்லாத்துலயும் அவனுக்குத்தான் பெருசு. வீடு பெருசு, பேரு பெருசு. இந்தப் பெட்டியிலகூட அவனுக்கு அஞ்சு சக்கரம், எனக்கு நாலு."

மேடம் திரும்பிப் பார்த்தாள். "நீ கூட்டிக் கழிச்சே பார்க்கலையாடா? உங்க அண்ணன் பத்தாயிரத்தை நடுவுல வச்சு, உனக்கு அறுபத்தொன்பது படி கீழே, தனக்கு அறுபத்தொன்பது படி மேலே எடுத்திருக்கார். ஒரு படிகூடத் தனக்குன்னு சேர்த்து எடுத்துக்கலை. சமமான தூரத்துல ரெண்டு பகா எண் கிடைக்கிறதுக்கு அந்த மனுஷன் எத்தனை நாள் தேடினாரோ. பூட்டுக்காரன் செய்யக்கூடாத தப்பு அது. அப்படி எடுத்தா என்னை மாதிரி ஒருத்தி சாக்கட்டியில பிரிச்சிடுவா. அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? உனக்காகத் தெரிஞ்சே செஞ்சிருக்கார்."

அண்ணி கண்ணைத் திறந்தாள். கணவன் கிடந்த பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னை உள்ள தள்ளினது அவர்தான்," என்றாள். குரல் காற்றாக வந்தது. "முதல் அடி என் தோள்ல விழுந்துச்சு. அவர் நடுவுல வந்து, என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினார். சாத்தறதுக்கு முன்னாடி சொன்னார். 'பயப்படாதே. என் தம்பிக்கு நம்பர் தெரியும். கோவம் தணிஞ்சதும் அவனே திறந்துடுவான்'னு."

தூரத்தில், பாலத்துப் பக்கம், போலீஸ் வண்டியின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

கை நசுங்கியபோதுகூடச் சிரித்தவன், தலையை வைஸின் மேல் சாய்த்துக்கொண்டு ஏதோ முனகினான். நான் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன்.

"ஒன்பது, ஒன்பது, மூணு, ஒண்ணு," என்று சொல்லிக்கொண்டிருந்தான். "ஒன்பது, ஒன்பது, மூணு, ஒண்ணு."

அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் சரியான நம்பர் அதுதான்.